ரேவதி நட்சத்திரக்காரரின் விண்ணப்பங்கள்

ஓய்வு பெற்ற அரசாங்க உத்தியோகத்தன் கையில் எதையும் கொடுக்கலாம், கணினியை மட்டும் கொடுக்கக்கூடாது. தோட்டத்தைக் கொடுத்தால் செடிகளுக்கு இலக்கம் போடுவான், அதோடு போய்விடும். கோயில் பரிபாலன சபையைக் கொடுத்தால் சபையின் யாப்பு விதிகளைத் திருத்த வெளிக்கிடுவான். அடுத்த பொதுக்கூட்டத்தில் அவனை வெளியேற்றிவிடுவார்கள். கணினிக்கு ஆட்களை வெளியேற்றத் தெரியாது. அது சொன்னதைச் செய்யும். சொன்னதை மட்டும் செய்யும். என் கீழ் வேலை பார்த்த எழுதுவினைஞர்கள் ஒருவரிடமும் இல்லாத இந்தக் குணத்தைக் கண்டதும் எனக்குத் தலை சுற்றியது.

நான் ஒரு திணைக்களத்தில் உதவி ஆணையாளராக இருந்தவன். சுற்றறிக்கை எழுதுவதுதான் என் பிரதான தொழில். என் சுற்றறிக்கைகளில் எவரும் பிழை கண்டதில்லை (எவரும் வாசித்ததில்லை என்று என் மனைவி ஈஸ்வரி சொல்வாள்). ஓய்வு பெற்று, கொழும்பில் வெள்ளவத்தை வீட்டில் சும்மா இருக்கத் தொடங்கியபோது, சமாதானமும் ஓய்வு பெற்றுவிட்டது. சண்டை திரும்பத் தொடங்கி, தெருவுக்குத் தெரு, ஒழுங்கைக்கு ஒழுங்கை மணல் மூட்டை வந்தது. வெளியே போனால் அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, எங்கே போகிறாய், ஏன் போகிறாய். வீட்டுக்குள் இருந்தால் ஈஸ்வரி. அந்த நேரத்தில்தான் மகள் வாசுகி தன் அலுவலகத்தில் கழித்துவிட்ட கணினி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

நிரல் எழுதக் கற்பது என்று முடிவெடுத்தேன். மருதானையில் ஒரு பழைய புத்தகக் கடையில் தடித்த புத்தகம் ஒன்று வாங்கினேன். அதன் முன்னுரையில் ஓர் அறிவுரை இருந்தது. கற்பதை அன்றன்றே எழுது, அதற்கென்று வலைப்பதிவு ஒன்று தொடங்கு, உன் பிழைகளை மறைக்காதே. அறிவுரைகளை வாசித்துவிட்டு மறந்துபோவதுதான் மனித இயல்பு. நான் அவற்றை நடைமுறைப்படுத்திப் பழகியவன்.

ஆகவே ‘ஓய்வுக்குப் பின் நிரலாக்கம்’ என்ற வலைப்பதிவு உதயமாயிற்று. ஒவ்வொரு இடுகைக்கும் இலக்கம், அடிக்கோடிட்ட தலைப்பு, இலக்கமிட்ட பத்திகள். கீழே என் முழுப்பெயரும் பதவியும், அடைப்புக்குள் ‘ஓய்வு’ என்றும். பிரதிகள்: ஆவணக் கோவைக்கு. நிரல் கற்பவர்கள் எல்லோரும் முதலில் உலகத்துக்கு வணக்கம் சொல்லவேண்டும் என்பது அந்தத் துறையின் சம்பிரதாயம். உலகத்தை விளித்து எழுத எனக்கு அதிகாரம் இல்லை. என் முதல் நிரல் ‘சம்பந்தப்பட்டவர்களுக்கு’ என்று திரையில் எழுதியது.

பக்கத்தின் அடியில் வாசகர் எண்ணி ஒன்றையும் பொருத்தினேன். எந்த நாட்டில் இருந்து யார் வருகிறார்கள் என்று கொடியோடு காட்டும். நெடுங்காலம் அதில் ஒரே ஒரு கொடிதான் பறந்தது. அந்த வாசகன் நான்.

“ஆர் இதை வாசிக்கிறது?” என்று ஈஸ்வரி கேட்டாள்.

“வாசிக்கிறது முக்கியமில்லை. பதிவிலை இருக்கவேணும்.”

“கந்தோரிலையும் இதைத்தானே செய்தனீங்கள். அங்கை சம்பளமாவது தந்தவங்கள்.”

நிரலுக்கு நல்ல விடயம் ஒன்று தேவைப்பட்டது. விதிவிலக்கு இல்லாத, மேலிடத்துச் செல்வாக்கு நுழைய முடியாத, தெளிவான விதிகள் கொண்ட ஒன்று. அரசாங்கத்தில் அப்படி எதுவும் இல்லாதபடியால் பஞ்சாங்கத்துக்குப் போனேன். கலியாணப் பொருத்தம். இருபத்தேழு நட்சத்திரங்கள். பெண்ணின் நட்சத்திரம் இது, ஆணின் நட்சத்திரம் இது என்று கொடுத்தால் பொருத்தம் உண்டா இல்லையா என்று வாய்பாடு சொல்லிவிடும். இதைவிடக் கணினிக்கு உகந்த வேலை வேறு என்ன இருக்கிறது?

பொருத்தங்களில் ரச்சு என்று ஒன்று. இருபத்தேழு நட்சத்திரங்களையும் ஐந்து கூட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். ஆணும் பெண்ணும் ஒரே கூட்டத்தில் வந்தால் ரச்சு இல்லை. மற்றப் பொருத்தம் எது இல்லாவிட்டாலும் பேசித் தீர்க்கலாம். ரச்சு இல்லையென்றால் மாப்பிள்ளையின் தாய் தேத்தண்ணியைக் குடிக்காமல் எழுந்து போய்விடுவார். தாலிக்கு ஆகாது, மாப்பிள்ளையின் உயிருக்கு ஆகாது என்பது நம்பிக்கை.

நிரலை எழுதி முடித்தேன். வேலை செய்தது. ஒரேயொரு சிறு குறை. ரேவதி நட்சத்திரத்தைக் கொடுத்தால் மட்டும் கணினி ‘அன்டிஃபைண்ட்’ என்று ஓர் ஆங்கிலச் சொல்லை எழுதிவிட்டுச் சும்மா இருந்தது. வரையறுக்கப்படாதது என்று பொருள். ரேவதி கடைசி நட்சத்திரம். முன்னால் நிற்கும் இருபத்தாறு பேருக்கும் வேலை நடக்கிறது, வரிசையின் கடைசியில் நிற்பவருக்கு மட்டும் நடக்கவில்லை. திணைக்களத்தில் இதைப் பிழை என்று யாரும் சொல்வதில்லை. எனவே காரணத்தைத் தேடாமல் வலைப்பதிவில் ஓர் அறிவித்தல் இட்டேன்.

‘ரேவதி நட்சத்திரக்காரரின் விண்ணப்பங்கள் மறு அறிவித்தல் வரை ஏற்றுக்கொள்ளப்படமாட்டா.’

புத்தியுள்ள ஒருவன் அந்த இடத்தில் நின்று யோசித்திருப்பான். நான் சோதனைக்குப் போனேன்.

இங்கே வாசுகியின் சம்பந்தத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். பொலிஸ் பதிவுக்கு வரிசையில் நின்றபோது ஈஸ்வரிக்கு மிஸிஸ் நவரத்தினம் பழக்கமானார். எங்கள் ஒழுங்கையில் இருந்து மூன்றாவது ஒழுங்கையில், தொடர்மாடியில் மேல்வீட்டில் இருந்தார். கணவர் இல்லை. இளைய மகன் சுதன் கனடாவில், ஸ்காபரோவில் கணக்காளர். மூத்த மகன் வரவேற்பறைச் சுவரில் மாலையோடு இருந்தார். கொட்டாஞ்சேனைக்கு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்த பிள்ளை, முந்தைய சண்டைக் காலத்தில் ஒருநாள் வீட்டு வாசலுக்குக் கிட்டவே இராணுவத்தால் மறிக்கப்பட்டார் என்று ஈஸ்வரி அறிந்து வைத்திருந்தாள். அதற்குமேல் அந்த வீட்டில் கதை போகாது. நாங்களும் கொண்டுபோகவில்லை.

சாத்திரியார் குறிப்புப் பார்த்து நல்ல பொருத்தம் என்று சொல்லிவிட்டார். சுதனும் வாசுகியும் தொலைபேசியில் கதைக்கத் தொடங்கியிருந்தார்கள். முதலில் தாய் தகப்பன் பக்கத்தில் இருக்கக் கதைத்தார்கள். பிறகு வாசுகி தொலைபேசியின் வயரை இழுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். பிறகு குசினிக் கதவும் சாத்தப்பட்டது. எங்கள் மகள் அவ்வளவு சிரிப்பாள் என்பது எனக்கும் ஈஸ்வரிக்கும் புதுத் தகவல். மாப்பிள்ளை வந்து நாள் வைப்பதுதான் மிச்சம்.

நிரலைச் சோதிக்க, விடை ஏற்கெனவே தெரிந்த தரவு வேண்டும் என்று புத்தகம் சொன்னது. விடை தெரிந்த பொருத்தம் எங்கள் வீட்டில் ஒன்றுதான் இருந்தது. பெண் மிருகசீரிடம், ஆண் உத்தரம். கொடுத்தேன்.

‘ரச்சு இல்லை. செய்யக்கூடாது.’

இந்த இடத்தில் ஒரு சாதாரண தகப்பன் திடுக்கிட்டிருப்பான். எனக்குச் சாத்திரியார் மீது ஏளனம்தான் வந்தது. ஒரு கிழவர் விரல் விட்டு எண்ணுவதில் பிழை வரலாம்; கணினியில் எப்படி வரும்? ஆனாலும் நான் நியாயமான அதிகாரி. ஒரு தரப்பை மட்டும் கேட்டு முடிவெடுப்பதில்லை. அன்றைய இடுகையில் இப்படி எழுதினேன்:

‘1. இத்தரவு கற்பனையானதல்ல. பெண்: வா. சி., வெள்ளவத்தை. ஆண்: சு. ந., கணக்காளர், ஸ்காபரோ. 2. சாத்திரியாரின் முடிவும் நிரலின் முடிவும் முரண்படுகின்றன. 3. விசாரணை நடைபெறுகிறது.’

பெயரை முழுதாகப் போடாமல் முதலெழுத்தை மட்டும் போட்டது இரகசியம் பேணுவதற்காக (ஸ்காபரோவில் சு. ந. என்ற கணக்காளர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள் என்று நினைத்தேனாக்கும்). எழுத்தைச் சிவப்பாக்கவும் விட்டு விட்டு மின்ன வைக்கவும் அந்த வாரம்தான் படித்திருந்தேன். ‘செய்யக்கூடாது’ என்பதை மின்ன வைத்தேன். அழகாக இருந்தது.

ஈஸ்வரியிடம் சொல்லவில்லை. விசாரணை நடக்கும்போது சம்பந்தப்பட்ட தரப்பினருக்குத் தகவல் வெளியிடும் வழக்கம் இல்லை.

சில நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை காலை வாசகர் எண்ணியைப் பார்த்தேன். கனடாக் கொடி. ஒன்று அல்ல. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று நாலாகி, நாலு பதினொன்றாகி ஏறியது. இடையில் ஒரு இங்கிலாந்து. ஒரு நோர்வே.

என் வாழ்நாளில் நான் எழுதிய எதையும் நோர்வேயில் யாரும் வாசித்ததில்லை. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சர்வதேச மட்டத்தில் நிரலாக்கம் பயில்வோர் என்னைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். புதிய வாசகர்களை வரவேற்று ஓர் இடுகை எழுதினேன். பிறகு அதைத் திருத்தினேன். பிறகு எண்ணியைப் பார்த்தேன். இப்படியே காலை போயிற்று.

அந்நாளில் எங்கள் வீட்டு இணையம் தொலைபேசி வழியாகத்தான் வந்தது. நான் இணையத்தில் இருந்தால் எங்கள் இலக்கத்துக்கு எவர் எடுத்தாலும் லைன் என்கேஜ். அந்தக் காலை எங்கள் வீட்டுக்கு எத்தனை பேர் எடுத்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர்கள் எல்லோரும் என்ன முடிவுக்கு வந்தார்கள் என்பதும்.

மத்தியானத்துக்குச் சற்று முன் ஈஸ்வரி சந்தையால் வந்தாள். மரக்கறிப் பையை மேசையில் வைக்கவில்லை. பிடித்துக்கொண்டே நின்றாள்.

“இஞ்சேருங்கோ. மிஸிஸ் நவரத்தினத்தைச் சந்தையிலை கண்டனான்.”

“நல்லது. என்னவாம்?”

“கதைக்கேல்லை.”

“அவசரமாக்கும்.”

“கதைக்கேல்லை எண்டு சொல்லுறன். கீரைக்காரியோடை கதைக்கிறா, என்னோடை கதைக்கேல்லை. நான்தான் கையிலை பிடிச்சுக் கேட்டன். அழுகிறா. உங்கடை மனுசன் ரச்சு இல்லை எண்டு உலகத்துக்கே எழுதிப்போட்டு வீட்டு ஃபோனையும் எடுத்து வைச்சிட்டு இருக்கிறார், எங்களைக் கூப்பிட்டு நேரை சொல்லியிருக்கலாமே எண்டு கேக்கிறா.” பையை இப்போது வைத்தாள். “நீங்கள் என்ன எழுதினனீங்கள்?”

நடந்தது இதுதான். மணமகன்கள் பெண்ணின் தகப்பனாருடைய பெயரை இணையத்தில் தேடிப் பார்க்கும் காலம் தொடங்கிவிட்டது. சுதன் தேடியிருக்கிறார். என் வலைப்பதிவைக் கண்டு சிரித்திருக்கிறார். அதோடு நின்றிருக்கலாம். பகிடியாகத் தன் பெரியம்மா வீட்டில் காட்டியிருக்கிறார். அவர்கள் புதிய இடுகைக்குப் போயிருக்கிறார்கள். அங்கே சிவப்பாக மின்னியிருக்கிறது. பெரியம்மா வெள்ளவத்தைக்குத் தங்கைக்கு எடுத்து, பெண்ணின் தகப்பனே ஆகாது என்று எழுதி வைத்திருக்கிறார், அந்த மனுசன் அரசாங்கத்திலை பெரிய உத்தியோகம் பார்த்தவர், விசாரிக்காமல் எழுதமாட்டார் என்று சொல்லியிருக்கிறார். (என் உத்தியோகத்துக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே மரியாதை அது.) இங்கிலாந்தும் நோர்வேயும் சித்தி, மாமி.

குசினி வாசலில் வாசுகி நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவள் கத்தியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். அவள் கத்தவில்லை.

“அப்பா, இண்டைக்குக் காலமை அவர் எடுக்கேல்லை. வேலை கூடவாக்கும் எண்டு நினைச்சன்.”

“பிள்ளை, சாத்திரியார் பிழை விட்டிருக்கலாம். கணினி—”

“உங்களுக்கும் அம்மாவுக்கும் போட்டுப் பாருங்கோ.”

“அது முடிந்த விடயம். அந்தக் கோவை மூடியாச்சு.”

“போடுங்கோ அப்பா.”

போட்டேன். “உமது நட்சத்திரம் என்ன, ஈசு?” என்று கேட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக்கூடாது.

“ரேவதி,” என்றாள் ஈஸ்வரி. “விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்படாதாம் எண்டு உங்கடை பக்கத்திலை வாசிச்சனான். நான்தான் உங்கடை இரண்டாவது வாசகர். உங்களுக்கு ஞாபகம் வருமோ எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்.”

திரையில் அன்டிஃபைண்ட் என்று வந்தது.

“அப்பிடியெண்டால் என்ன?”

“வரையறுக்கப்படாதது.”

“இவ்வளவு காலம் குடும்பம் நடத்தினதுக்கு அது சரியாத்தான் சொல்லுது.”

வாசுகி என்னைத் தள்ளிவிட்டுக் கதிரையில் இருந்தாள். முதலாவது நட்சத்திரமான அசுவினியைக் கொடுத்தாள். கணினி பரணியின் கூட்டத்தைச் சொன்னது. பரணியைக் கொடுத்தாள். கார்த்திகையின் கூட்டத்தைச் சொன்னது. எனக்கு அப்போதுதான் விளங்கியது. பட்டியலில் முதலில் இருப்பவரை நாம் ஒன்று என்போம். கணினி பூச்சியம் என்கிறது. நாம் ஒன்று என்று கேட்டால் அது இரண்டாவது ஆளைக் கூட்டிக்கொண்டு வருகிறது. புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயத்தில் இதைத் தடித்த எழுத்தில் சொல்லியிருந்தார்கள். நான் அதை அச்சுப் பிழை என்று பென்சிலால் திருத்தி வைத்திருந்தேன்.

இருபத்தேழு பேரும் ஓர் ஆசனம் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். என் மகள் திருவாதிரையாகவும் சுதன் அத்தமாகவும் ஆள்மாறாட்டம் செய்யப்பட்டு, ஒரே கூட்டத்தில் பிடிபட்டிருந்தார்கள். கடைசி ரேவதிக்கு உட்கார ஆசனம் இல்லை. அதனால்தான் அவர் வரையறுக்கப்படவில்லை. ஒரு எண்ணைத் திருத்தினேன். மிருகசீரிடமும் உத்தரமும் வெவ்வேறு கூட்டம். ரச்சு இருந்தது. சாத்திரியாரின் விரல்கள் சரியாகத்தான் எண்ணியிருந்தன.

“உடனை போங்கோ,” என்றாள் ஈஸ்வரி.

“திருத்தம் ஒன்று வெளியிடவேணும். முந்தைய இடுகையின் இலக்கத்தைக் குறிப்பிட்டு—”

“திருத்தத்தை நீங்கள் வெளியிடுறதுக்குள்ளை அவை வேறை பெட்டையைப் பாத்து முடிச்சிடுவினம். நேரை போய்ச் சொல்லுங்கோ.”

வெறுங்கையோடு போய் வாயால் சொல்வது என் இயல்பு அல்ல. மூன்று பத்தியில் திருத்தம் எழுதினேன். இணைப்பாக, இருபத்தேழு நட்சத்திரங்களையும் இலக்கத்தோடு ஐந்து கூட்டமாகப் பிரித்துக் காட்டும் அட்டவணை. அச்சடித்து ஒப்பம் வைத்து, மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளிக்கிட்டேன்.

மிஸிஸ் நவரத்தினத்தின் ஒழுங்கை முகப்பில் அன்று புதிதாக ஒரு தடை போட்டிருந்தார்கள். ஓர் இளம் சிப்பாய். அடையாள அட்டை பார்த்தான். பொலிஸ் பதிவு பார்த்தான். அவற்றை வைத்திருக்கும் ஒழுங்கில் என்னைக் குறை சொல்ல எவராலும் முடியாது. பிறகு என் சட்டைப் பையைச் சுட்டிக் காட்டினான்.

அட்டவணையை விரித்துப் பார்த்தான். தமிழில் இருபத்தேழு பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம். ஐந்து குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, கீழே ஓர் உதவி ஆணையாளரின் ஒப்பம். சந்தேகப்படாத இராணுவம் ஓர் இராணுவமா?

“மே மொனவத, அங்கல்?” என்றான். இது என்ன என்று கேட்கிறான். குரல் மாறிவிட்டது. ஒரு பக்கமாக நிற்கச் சொன்னான். வேலியோரம் நின்றேன். எனக்குத் தெரிந்த அத்தனை நடைமுறைகளிலும் இதற்கு ஒன்று இருக்கவில்லை.

“பொறொந்தம், மல்லி,” என்றேன். மல்லி என்றால் தம்பி.

சிங்களவருக்கும் அதே இருபத்தேழு நட்சத்திரம்தான். அவர்களும் கலியாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பார்கள், பொறொந்தம் என்பார்கள். சிப்பாயின் முகம் விழுந்து, எழுந்து, வேறு முகமாயிற்று. துவக்கைத் தோளின் பின்னால் தள்ளிவிட்டுத் தாளை எனக்கு நேரே நீட்டினான். தன் நட்சத்திரம் ரெஹெண என்றான். ரோகிணி. ஊரில் ஒரு பெண், அவளுடையது புச, அதாவது பூசம். வீட்டில் பார்க்கவில்லை, பார்த்தால் என்ன வருமோ என்று பயம், அங்கல் பார்த்துச் சொல்லமுடியுமா?

மத்தியான வெயில். எனக்குப் பின்னால் சனம் சேருகிறது. என் மகளின் சம்பந்தம் அந்த மேல்வீட்டில் முறிந்துகொண்டிருக்கிறது. நான் ஒழுங்கை முகப்பில் நின்று இலங்கை இராணுவத்துக்குப் பொருத்தம் பார்க்கிறேன். இம்முறை கணினியை நம்பவில்லை. சாத்திரியாரைப் போல விரல் விட்டு எண்ணினேன். ஒருமுறை பெண்ணில் இருந்து, சரிபார்க்க இன்னொருமுறை.

அப்போதுதான் மேலே பல்கனியில் நின்ற மிஸிஸ் நவரத்தினம் கீழே பார்த்திருக்கிறார். அவர் கண்டது இவ்வளவுதான். வேலியோரம் தனியே நிறுத்தப்பட்ட ஒரு தமிழ் மனிதன், அவன் முன்னே துவக்கோடு ஒரு சிப்பாய், கையில் ஏதோ கடதாசி, விரல் விட்டு எதையோ ஒப்புவிக்கிறான்.

அவர் வந்த வேகத்தை நான் மறக்கமாட்டேன். வீட்டுச் சட்டையோடு, தலை அவிழ்ந்து, ஒரு காலில் தன் செருப்பும் மற்றக் காலில் யாருடையதோ செருப்புமாக வந்தார். சனத்தை விலக்கிக்கொண்டு வந்து எனக்கும் சிப்பாய்க்கும் இடையில் நின்றார். அவருடைய சிங்களம் மரக்கறி வாங்கக் காணும், அதற்குமேல் இல்லை. ஆனால் அன்று சொன்னது முழு ஒழுங்கைக்கும் கேட்டது.

“மேயா அபே கெனெக், மாத்தயா. மகே புதாகே மாமண்டி.”

இவர் எங்கள் ஆள், ஐயா. என் மகனின் மாமனார்.

சிப்பாய் வெட்கப்பட்டுவிட்டான். பயப்பட வேண்டாம் அம்மே, அங்கல் என் பொறொந்தத்தைத்தான் பார்க்கிறார் என்று சொன்னான். மிஸிஸ் நவரத்தினம் அவனைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மூச்சு இன்னும் அடங்கவில்லை.

“அண்ணை,” என்றார். “இந்தப் பொடியன்ரை சம்பந்தத்தையும் குழப்பிப்போடாதேங்கோ.”

பொருந்துகிறது என்று சிப்பாயிடம் சொன்னேன். நன்றாகப் பொருந்தியது. அவன் எனக்கு சல்யூட் அடித்தான். என் உத்தியோக வாழ்க்கையில் கிடைக்காத சல்யூட்.

மேலே போனோம். திருத்தத்தை எடுத்து நீட்டி, முதலாம் பத்தியில் இருந்து விளக்கத் தொடங்கினேன். பூச்சியத்தில் இருந்து எண்ணுவது பற்றி அரைவாசி போயிருப்பேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையை என் திருத்தத்தின் மேல் வைத்தார்.

“அதை விடுங்கோ அண்ணை. ஆமிக்காரனுக்கு முன்னாலை சொல்லிப்போட்டன். இனி மாத்தேலாது. நாளைக்கும் அவன்தானே அதிலை நிப்பான், மாமண்டி எங்கை எண்டு கேட்டால் என்ன சொல்லுறது?”

பாதுகாப்புத் தரப்பினரிடம் கொடுத்த தகவலை மாற்றுவது பாரதூரமான விடயம் என்று நானும் உறுதிப்படுத்தினேன். வாழ்க்கையில் நான் சொன்ன விதிகளில் பயன்பட்டது அது ஒன்றுதான்.

பிறகு மிஸிஸ் நவரத்தினம் சுவரில் இருந்த படத்தைப் பார்க்காமலே சொன்னார்.

“அண்டைக்கு மூத்தவனை மறிச்சு வைச்சிருக்கேக்கையும் நான் மேலை நிண்டு பாத்தனான். விட்டிடுவாங்கள் எண்டு நினைச்சுக்கொண்டு நிண்டனான்.”

நான் தேத்தண்ணியைக் குடித்தேன். சீனி கூடிப்போயிருந்தது. குடித்து முடித்தேன்.

அன்றிரவு தொலைபேசியை இணையத்தில் இருந்து கழற்றி வைக்கும்படி எனக்கு எழுத்து மூலமல்லாத உத்தரவு பிறப்பிக்கப்பட்டது. மணி அடித்தது. வாசுகி வயரை இழுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். கதவு சாத்தப்பட்டது. சிரிப்புக் கேட்டது. சிரிப்பு என்னைப் பற்றியது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கலியாணம் நடந்தது. அந்தச் சிப்பாயைச் சில கிழமையில் மாற்றிவிட்டார்கள். எங்கே என்று தெரியாது, வடக்காக இருக்கும். அவனுக்குக் கலியாணம் நடந்ததா என்பதும் தெரியாது. அவனுடைய பொருத்தத்தை நான் சரியாகத்தான் எண்ணினேன் என்பது மட்டும் தெரியும்.

மிஸிஸ் நவரத்தினம் இப்போது மகனோடு ஸ்காபரோவில் இருக்கிறார். நாங்கள் அங்கே போகும்போதெல்லாம் கோயிலில் காண்பவர்களிடம், “இவர்தான் என்ரை மகனுக்கு ரச்சு இல்லை எண்டு உலகத்துக்கே அறிவிச்சவர்” என்று அறிமுகப்படுத்துவார். சந்தோசமாகச் சொல்லுவார். அதுதான் எரிச்சல். எங்கள் குடும்பத்தில் யார் தொலைபேசியில் யாரைப் பிடிக்க முடியாவிட்டாலும், “அப்பா எங்கையோ கலியாணம் குழப்புறாராக்கும்” என்கிறார்கள். நான் வேறு நாட்டில் நித்திரையாக இருந்தாலும் அப்படித்தான்.

வலைப்பதிவு இன்னும் இருக்கிறது. திருத்தமும் இருக்கிறது. அதை வாசித்தவர் எவரும் இல்லை.

வாசுகிக்குப் பிள்ளை பிறந்த அன்று மருமகன் தொலைபேசியில் எடுக்கவில்லை, மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். என் நடையிலேயே, இலக்கமிட்ட பத்தியில் எழுதியிருந்தார்.

‘1. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். 2. நட்சத்திரம் ரேவதி. 3. விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்படுமா என்பதை அறியத்தரவும்.’

ஈஸ்வரி என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தாள். நான் பதில் எழுதும்வரை நகரவில்லை. அன்று வலைப்பதிவில் கடைசி இடுகையை வெளியிட்டேன். இலக்கம் போட்டு, அடிக்கோடிட்டு.

‘ரேவதி நட்சத்திரக்காரர் பற்றிய முந்தைய அறிவித்தல் இத்தால் இரத்துச் செய்யப்படுகிறது. இவ்விரத்து, எனது திருமண நாளில் இருந்து அமுலுக்கு வந்ததாகக் கொள்ளப்படும்.’

ஈஸ்வரி இரண்டுதரம் வாசித்தாள். “மின்ன விடேல்லையோ?” என்று கேட்டாள்.

மின்ன விட்டேன்.